வலைப்பதிவு சோறு போடுமா? ஒரு பழைய கேள்வியும் அதற்கு வந்த விடைகளும்

எழுதிப் பிழைக்க முடியுமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. பத்திரிகை தொடங்கிக் கடனாளியானவர்களின் கதை நம் இலக்கிய வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். வலைப்பதிவு வந்தபோது இந்தக் கதை மாறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். தாள் விலை கிடையாது, அச்சுக்கூலி கிடையாது, ஏஜென்ட் கமிஷனும் விற்காத பிரதிகள் திரும்பி வரும் தொல்லையும் கிடையாது. செலவே இல்லாத தொழிலில் வரவு சொற்பமாக இருந்தாலும் லாபம்தானே? இருபது ஆண்டு கடந்து பார்க்கையில் செலவு குறைந்தது உண்மை என்று தெரிகிறது. வரவு எந்த வாசல் வழியாக வரும் என்பதில்தான் இன்னமும் ஆளுக்கொரு விடை. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறின, சென்னையின் மேற்கு விளிம்பில் ஐயப்பன்தாங்கல் போன்ற ஓர் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அவற்றில் எது பயன்படும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

இரண்டு கூடல்கள்

2006 செப்டம்பர் 9, 10 தேதிகளில் தரமணி டைடல் பார்க்கில் பிளாக்கேம்ப் என்ற வலைப்பதிவர் கூடல் நடந்தது. முன்கூட்டியே அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இல்லாமல், வந்தவர்களே தலைப்பைச் சொல்லிப் பேசும் முறை. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், கூட்டத்தில் கணினித் துறையினர் கணிசம். வலைப்பதிவு ஒரு தொழிலாகும் என்ற நம்பிக்கைக்கு அப்போது இந்தியாவிலேயே முன்னுதாரணம் இருந்தது. ஆக்ராவில் இருந்தபடி தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அமித் அகர்வால் 2004-இலேயே வேலையை விட்டு முழுநேர வலைப்பதிவர் ஆகியிருந்தார்.

பதினோரு மாதம் கழித்து, 2007 ஆகஸ்ட் 5 அன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை கூடியது. அங்கே முதன்மையான பாடம் வேறு: தமிழில் தட்டச்சு செய்வது, பதிவு தொடங்குவது, பல பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டியில் அதைச் சேர்ப்பது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் யூனிகோடு தமிழ் கொம்பும் காலும் பிரியாமல் தெரிய வேண்டுமென்றால், கன்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தை டிக் செய்து, விண்டோஸ் சிடியைச் செருகி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரிடம் அந்த சிடியைக் கேட்டால் கிடைக்காது. பணம் பற்றிய கேள்விக்கு முன்னால் தமிழுக்கு இத்தனை படிகள் இருந்தன. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் முதலிய இலவச மென்பொருள்களும், காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியும் இந்தப் படிகளைக் கடக்க உதவின. இவை எல்லாமே காசு வாங்காமல் கிடைத்தவை.

இந்த வேறுபாடு அடுத்து வந்த பத்தாண்டையும் தீர்மானித்தது எனலாம். 2012-இல் சென்னையிலும் 2014-இல் மதுரையிலும் 2015 அக்டோபரில் புதுக்கோட்டையிலும் பதிவர் திருவிழாக்கள் நடந்தன. புதுக்கோட்டை விழாவை ஒட்டித் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு கட்டுரைப் போட்டிகளும் வைத்தார்கள். உறவும் உற்சாகமும் பெருகின. ஆனால் தமிழ் வலைப்பதிவின் ஆயுளில் வாசகர் கூட்டம் ஒரே வாசலில் குவிந்திருந்தது தமிழ்மணம் ஓங்கியிருந்த காலத்தில்தான். அந்தக் கூட்டத்தை விளம்பரதாரரிடம் காட்டி விலை பேச யாரும் பெரிதாக முனையவில்லை. லாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருந்த திரட்டிக்கு அது வேலையும் அல்ல. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இலவசம் என்பதுதான் அந்த இயக்கத்தின் பலமாக இருந்தது, அதற்கு ஒரு விலையும் இருந்தது.

முதல் விடை: விளம்பரம் தாங்கும்

விளம்பரத்தை நம்பலாம் என்பவர்களுக்குத் தமிழிலேயே பலமான சாட்சி உண்டு. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். வாசகர் எண்ணிக்கையைக் கூட்டு, அந்த எண்ணிக்கையை விளம்பரதாரருக்கு விற்று, அந்தப் பணத்தில் நல்ல எழுத்தாளர்களை அமர்த்து என்பது அவர் காட்டிய வழி. குறுக்கெழுத்துப் போட்டி விகடனின் விற்பனையைத் தூக்கியதும் தெரிந்த கதை.

கூகுளின் ஆட்சென்ஸ் இதே சூத்திரத்தைத் தனிமனிதருக்குத் தருவதாகச் சொன்னது. 2003-இல் அது தொடங்கியது. அதே ஆண்டில் பிளாகர் சேவையையும் கூகுள் வாங்கியது. தமிழின் ஆரம்ப வலைப்பதிவுகள் தோன்றிய ஆண்டும் அதுவே. ஆனால் ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் இந்தி 2014 இறுதியில்தான் சேர்ந்தது. தமிழ் சேர்ந்தது 2018-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் தமிழில் மட்டும் எழுதியவரின் விண்ணப்பம், மொழி ஆதரிக்கப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. சிலர் ஆங்கிலத்தில் நான்கு பதிவு போட்டு அனுமதி வாங்கிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்கள். அப்படி வாங்கியவர்களின் பக்கத்திலும் தமிழைப் புரிந்துகொள்ளாத எந்திரம் எதையாவது ஒட்டிவைத்தது.

பணம் கைக்கு வரும் பாதையும் நீளம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். மொத்தமாக 100 டாலர் சேராமல் பணம் வராது. தொடக்க ஆண்டுகளில் அதுவும் காசோலையாகத்தான் வரும். மாதம் இரண்டு டாலர் சேர்கிற பதிவருக்கு முதல் காசோலை வர நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் பலருக்கு எழுதுவதே நின்றுபோகும்.

தமிழ் பட்டியலில் சேர்ந்தபோது ஆட்கள் கலைந்திருந்தார்கள். 2012-இல் பிளாகர் முகவரிகள் இந்தியாவில் தானாகவே வேறு ஒரு வாலுக்கு மாறியதில் பதிவுகளுக்கு வாசகர் ஓட்டுப் போடத் திரட்டிகள் தந்த பட்டைகள் குழம்பின. பல பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. வாசகர்கள் பேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள், எழுதியவர்களில் பலரும் பின்னாலேயே போனார்கள். 2018-க்குப் பிறகு விளம்பரத்தை நம்பி வந்த தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் வேறு இனம்: ராசிபலன், வேலைவாய்ப்பு, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது எப்படி, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் செய்துவந்த சேவைதான் இது. ஆனால் 2005-இல் வலைப்பதிவு என்றால் எதை நினைத்தார்களோ, அதற்கு இந்த வரவு போய்ச் சேரவில்லை.

விளம்பர வாதத்தின் ஆழமான பலவீனம் தொழில்நுட்பம் அல்ல என்றே தோன்றுகிறது. விளம்பரதாரர் வாங்குவது எழுத்தை அல்ல, வாசகரின் வாங்கும் சக்தியை. ஒரு கணக்குக்காக, ஆயிரம் பார்வைக்கு 30 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய்க்குப் பத்து லட்சம் பார்வை வேண்டும். தனி ஆள் தன் சொந்த நடையில் எழுதி மாதாமாதம் பத்து லட்சம் பார்வை பெறுவது தமிழில் நடக்கக்கூடாததல்ல. ஆனால் அதை எட்டுகிறவர் எழுதும் விஷயங்கள் பெரும்பாலும் மாறிவிடும். வாசனுக்கு விளம்பரம் பிடிக்க ஆளும் விலை பேச ஆபீசும் இருந்தன. பதிவருக்கு விலையைத் தீர்மானிக்கும் ஏலத்தில் உட்கார இடமே கிடையாது.

இரண்டாம் விடை: வாசகரே கொடுப்பார்

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை, சந்தாதாரரை நம்பி நடத்துவது என்று அவர் வரம்பு கட்டிக்கொண்டார். அந்த எண்ணிக்கையையும் இதழ் எட்டவில்லை. 119 இதழ்களோடு 1970-இல் நின்றது. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அவர் விற்றதைத் தமிழ் இலக்கிய உலகம் இன்றும் நெகிழ்ச்சியோடு சொல்லும். சந்தா கட்டாமல் இருந்தவர்களைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அமெரிக்காவில் கெவின் கெல்லி 2008-இல் முன்வைத்த ‘ஆயிரம் உண்மை ரசிகர்கள்’ என்ற கணக்கு, அதாவது ஆண்டுக்கு 100 டாலர் செலவழிக்கும் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு படைப்பாளி பிழைத்துக்கொள்வார் என்பது, செல்லப்பாவின் கணக்குக்குத் தூரத்து உறவு. தமிழ் வாசகர் காசு கொடுக்கமாட்டார் என்ற முடிவை ‘எழுத்து’ இதழின் கதையிலிருந்து எடுப்பவர்கள் உண்டு.

அந்த முடிவு அவசரம் என்பதற்குக் காரணங்கள் உள்ளன. கொடுக்கும் மனம் வேறு, கொடுக்கும் வழி வேறு. வலைப்பதிவு செழித்த 2004–2012 காலத்தில் ஒரு பதிவருக்கு 50 ரூபாய் அனுப்புவதென்றால் மணியார்டர் எழுத வேண்டும், அல்லது வங்கிக்குப் போக வேண்டும். யூபிஐ வந்தது 2016-இல். அதற்குப் பின்தான் கட்டுரையின் அடியில் க்யூஆர் படம் வைப்பது சாத்தியமாயிற்று. மற்ற வழிகளில் தடைகளும் வந்தன: 2021 ஏப்ரலோடு பேபால் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்தியது, அதே ஆண்டு அக்டோபரில் அமலான ரிசர்வ் வங்கி விதிகளால், அட்டையில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தாக்கள் பல முறிந்தன. வெளிநாட்டில் சப்ஸ்டாக் போன்ற தளங்கள் கட்டண மடலை ஒரு தொழிலாக்கிய அதே காலத்தில், இங்கே குழாயைத்தான் மாற்றிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் முயற்சிகள் நடந்தன. சமஸ் 2021-இல் தொடங்கிய அருஞ்சொல் இணைய இதழ் வாசகர் ஆதரவைக் கோரியது. பா. ராகவன் 2022-இல் கொண்டுவந்த மெட்ராஸ் பேப்பர் சந்தா வைத்தே வந்தது. சாரு நிவேதிதா தன் தளத்தில் நன்கொடையைப் பட்டவர்த்தனமாகக் கேட்பவர். கேட்பது கௌரவக் குறைவு என்ற தமிழ் எழுத்தாளரின் சங்கோஜத்தை அவர் உடைத்தது சிறிய காரியமல்ல. ஜெயமோகன் நேர் எதிர்: 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை 26 நாவல்களாக விரிந்த ‘வெண்முரசு’ முழுவதையும் தளத்தில் அன்றாடம் இலவசமாகவே தந்தார். அங்கே வாசகர் கொடுத்தது சந்தா அல்ல, உழைப்பும் அமைப்பும்; விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் அந்த வகை. ஈழத்து நூல்களை மின்னாக்கம் செய்ய 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் உலகெங்கும் பரவிய ஈழத் தமிழரின் நன்கொடை ஒரு பொது ஆவணகத்தையே எழுப்பியிருக்கிறது.

இங்கே ஒரு பொதுத்தன்மை கண்ணில் படுகிறது. மேலே சொன்ன எழுத்தாளர்கள் அனைவரும் அச்சில் பெயர் எடுத்த பிறகு இணையத்துக்கு வந்தவர்கள், அல்லது இரண்டிலும் கால் வைத்தவர்கள். வலைப்பதிவிலேயே பிறந்து, அதன் சந்தாவை மட்டும் கொண்டு குடும்பம் நடத்தும் தமிழ் எழுத்தாளரை உதாரணம் காட்டுவது கடினம். மாதம் 50 ரூபாய் என்றால் 30,000 ரூபாய்க்கு 600 பேர் போதும். பத்து லட்சம் பார்வையோடு ஒப்பிட்டால் இது எட்டக்கூடிய எண். எனினும் அந்த 600 பேரின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் ஓடும் வருடங்களுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு இந்த வாதத்திடம் பதில் இல்லை.

கிண்டிலும் இதே வகையில் சேரும். 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களுக்கு அமேசான் கடை திறந்ததும் பல பதிவர்கள் தங்கள் பழைய பதிவுகளைத் தொகுத்து ஏற்றினார்கள். இந்தியக் கடையில் விற்பனையில் 70 சதவீதம் வேண்டுமென்றால் அமேசானுக்கு மட்டுமே என்ற ஒப்பந்தத்துக்கு உட்பட வேண்டும். மின் வடிவில் வேறெங்கும் அந்த நூல் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். ஆகவே பதிவை விற்பதற்குப் பதிவையே அழிக்க வேண்டிவந்தது. தேடினால் கிடைத்துவந்த நல்ல தமிழ்க் கட்டுரைகள் சில இப்படித்தான் காணாமற்போயின.

மூன்றாம் விடை: எழுத்து ஒரு பெயர்ப்பலகை

வலைப்பதிவு நேரடியாகப் பணம் தராது, ஆனால் பணம் தரும் வேலைக்கு வாசல் திறக்கும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. கடையின் பெயர்ப்பலகை விற்பனைக்கல்ல. அதைப் பார்த்து ஆள் உள்ளே வருவதுதான் வியாபாரம். சான்றுகள் அதிகம் இருப்பது இந்த விடைக்குத்தான். லக்கிலுக் என்ற பெயரில் எழுதிய யுவகிருஷ்ணாவும் அதிஷாவும் வலைப்பதிவு வழியே அறியப்பட்டுப் புதிய தலைமுறை வார இதழில் எழுதினார்கள். பதிவர் கேபிள் சங்கர் 2015-இல் ‘தொட்டால் தொடரும்’ படத்தை இயக்கினார். என்எச்எம் ரைட்டரைத் தந்த நிறுவனத்தின் பத்ரி சேஷாத்ரி, பதிப்பாளர் என்ற முறையிலும் பதிவர் என்ற முறையிலும் ஒரே சமயத்தில் அறியப்பட்டார்.

ஆனால் இது மூலக் கேள்விக்கு விடையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்ததும் பெரும்பாலான பதிவுகள் வாடின. பலகை வேலையை முடித்தபின் கழற்றப்பட்டது. பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் ஆள் எடுக்கும் நாற்றங்காலாக வலைப்பதிவு பயன்பட்டது என்று இதைப் படிக்கலாம். வலைப்பதிவு தொழிலாயிற்று என்று படிக்க இயலாது.

பெயர்ப்பலகையின் மற்றொரு வடிவம் பொருளைப் பாராட்டி எழுதுவது. சென்னையிலிருந்து இயங்கிய இண்டிபிளாக்கர் போன்ற அமைப்புகள் நிறுவனங்களையும் பதிவர்களையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தன. இதற்குள் சட்டம் நுழைந்தது சமீபத்தில்தான். 2022 ஜூலை 1 முதல், ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட இலவசப் பொருளோ சலுகையோ தரும் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும். மதிப்புரைக்கு வந்த செல்போனைத் திருப்பிக் கொடுத்தால் வரி இல்லை, வைத்துக்கொண்டால் உண்டு. காசு வாங்கியதை மறைத்து எழுதினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2023 ஜனவரி வழிகாட்டுதல் நினைவூட்டியது. வருமான வரித்துறை ஒரு வேலையைக் கவனிக்கத் தொடங்கினால் அது தொழிலாகிவிட்டது என்று கொள்ளலாம் போலும்.

பேட்டைப் பத்திரிகையின் பாடம்

நான்காவது வழியைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆனால் ஐயப்பன்தாங்கலுக்கு நெருக்கமானது அதுதான். சென்னையில் 1990-களில் மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற இலவச வார இதழ்கள் வேரூன்றின. வீட்டு வாசலில் போடுவார்கள். வாசகர் காசு கொடுப்பதில்லை. கோயில் உற்சவம், சாக்கடை, சங்கீத சபா ஆகியவை செய்தி. வாடகைக்கு வீடு, டியூஷன், சமையலுக்கு ஆள் ஆகியவை விளம்பரம். பெரிய கம்பெனியின் விளம்பரம் இல்லாமலேயே அந்த இதழ்கள் நின்றன.

ஐயப்பன்தாங்கலின் நிலை இதற்குத் தோதாகவே தெரிகிறது. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போரூரை அடுத்து, மாநகரப் பேருந்துப் பணிமனையோடு, அடுக்ககங்கள் நெருங்கிய ஊர். பக்கத்துப் போரூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஐயப்பன்தாங்கலோ காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் ஒன்றியத்தில் ஊராட்சி. தபால் முகவரியில் சென்னை, வீட்டுவரி ரசீதில் கிராமம். இரண்டாம் கட்ட மெட்ரோவின் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் இந்தச் சாலை வழியேதான் போகிறது. மாநகராட்சிச் செய்தியைத் தரும் நாளிதழுக்கு இது வெளியூர். மாவட்டப் பக்கத்துக்கு இது நகரம். ஜனவரி 26-இலும் மே 1-இலும் கிராம சபையில் என்ன தீர்மானம் போட்டார்கள், எந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை எப்போது என்று எழுத ஆள் இருந்தால் படிக்க ஆள் இருப்பார்கள் என்று கருத இடமுண்டு. விளம்பரம் தரக்கூடியவர்களும் நடக்கும் தூரத்தில் இருக்கிறார்கள்: ராமச்சந்திரா மருத்துவமனையையும் மணப்பாக்கத்து ஐ.டி. வளாகங்களையும் நம்பிய பெண்கள் விடுதி, கேன் தண்ணீர், தண்ணீர் லாரி, கிளினிக், டியூஷன் சென்டர்.

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்றால், வார இதழ் விற்றது செய்தியை மட்டுமல்ல. இத்தனை ஆயிரம் வாசலில் தாள் விழும் என்ற உத்தரவாதத்தை விற்றது. வலைப்பதிவு யார் வாசலிலும் விழுவதில்லை. டியூஷன் சென்டர்காரர் இன்று கூகுள் மேப்பில் தன் கடையைக் காசில்லாமல் பதிகிறார், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடச் சொல்கிறார், மீதிக்கு நாளிதழுக்குள் நோட்டீஸ் வைக்க பேப்பர் ஏஜென்டிடம் பேசுகிறார். இந்த மூன்றையும்விட ஒரு பதிவு எந்த வகையில் மேல் என்று அவருக்குக் காட்டவேண்டும். தவிர, ஊராட்சியைக் கேள்வி கேட்டு எழுதுகிறவருக்கு அதே ஊராட்சியின் ஒப்பந்ததாரர் விளம்பரம் தரமாட்டார். ஊர் சிறியதாக இருக்கும் அளவுக்கு இந்தச் சங்கடம் பெரிதாகும்.

வீடியோவும் எந்திர விடையும்

வலைப்பதிவுக்கு எதிர்காலமே இல்லை, எல்லாம் வீடியோதான் என்பது இன்றைய கூடல்களில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டதை இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். சாட்சி உண்மையானது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பாடம் படம் எழுத்தை வென்றது என்பதாக மட்டும் இருக்காது. மொழி தெரியாதவரும் பார்க்கக்கூடிய சமையலுக்கு உலகம் முழுவதும் சந்தை. ஐயப்பன்தாங்கல் கிராம சபைக்கு அது கிடையாது.

எந்திர விடை வேறு வகைச் சிக்கல். 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களைக் காட்டத் தொடங்கியது. தமிழிலும் இவை காட்டப்படும்போது பட்டா மாறுதல் வகையிலான ‘எப்படி’ப் பதிவுகளுக்கு அது நேரடி அடி: விடை மேலேயே கிடைத்துவிட்டால் பதிவைத் திறக்க அவசியமில்லை, திறக்காத பக்கத்துக்கு விளம்பரக் காசும் இல்லை. முதல் விடையில் எஞ்சியிருந்த பலத்தையும் இது கரைக்கக்கூடும்.

தீராமல் நிற்பவை

தமிழ் வலைப்பதிவு விளம்பரத்தால் பிழைக்காது என்பதை, விளம்பரம் என்ற வழியே தவறு என்பதற்கான நிரூபணமாகக் கொள்ள முடியாது. வாசகர் இருந்தபோது வழி திறக்கவில்லை, வழி திறந்தபோது வாசகர் நகர்ந்துவிட்டார். இரண்டும் ஒரே காலத்தில் அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனித் தெரியப்போவதில்லை. சந்தா வாதத்தை ‘எழுத்து’ இதழின் கதையைச் சொல்லித் தள்ளிவிடுவதும் சரியாகாது; யூபிஐக்கு முந்தைய தோல்விகளைக் கொண்டு அதற்குப் பிந்தைய காலத்தை எடைபோட முடியாது. ஆயினும் பெயர் பெறாத ஒருவரால் அது முடியுமா என்பதற்கு ஐந்தாறு ஆண்டு அனுபவம் போதாது. பேட்டைச் செய்திக்கான வழி மேற்குப் புறநகரில் சரிவரச் சோதிக்கப்படவே இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சோதனையில் 600 வீடுகள் மாதம் 50 ரூபாய் கொடுக்குமா என்பது ஒரு பகுதிதான். ஊராட்சி எல்லை மாறி, ஐயப்பன்தாங்கலும் மாநகராட்சி வார்டாகிவிட்டால் அந்த வாசகர்களுக்குத் தனிச் செய்தி தேவைப்படுமா என்பது இன்னொரு பகுதி.